மியூசிக் வீடியோ எடுக்கப் போகிறீர்களா? முதலில் பாட்டைத் துண்டு போடுங்கள்

சொந்தமாகப் பாட்டுப் போட்டு யூடியூபில் விடுகிறவர்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கும் நண்பர்களும் கூடவே இருக்கிறார்கள். கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா அல்லது சுமாரான போன், கை ஆடினாலும் படம் ஆடாமல் பிடிக்கும் ஒரு கிம்பல், இரண்டு எல்.இ.டி. லைட், கிடைத்திருப்பது ஒரே ஒரு நாள். நல்ல வீடியோவுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் இப்படி எடுக்கிற பலதும் எடிட்டிங்கில் வந்து சிக்குகிறது: ஒவ்வொரு ஷாட்டும் தனியாகப் பார்க்க அழகாக இருக்கும், பாட்டோடு சேர்த்து ஓடவிட்டால் ஒட்டாது. பாட்டு எங்கே மூச்சு விடுகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே அடங்குகிறது என்று பார்க்காமல் லொகேஷனுக்குப் போனால் அப்படித்தான் ஆகும். அதனால் இங்கே லென்ஸ் பற்றி ரொம்பப் பேசப்போவதில்லை, சத்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

பாட்டு கைக்கு வந்ததும்

இசையமைப்பாளரிடம் ஃபைனல் மிக்ஸ் கேளுங்கள். தயாராகவில்லை என்றால் பரவாயில்லை, குரலைக் கொஞ்சம் ஏற்றுவது, பேஸைக் குறைப்பது எல்லாம் பிறகு நடக்கட்டும். ஆனால் டெம்போவும் (பாட்டின் வேகம்) பாட்டின் நீளமும் இனி மாறாது என்று வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஷூட் முடிந்தபிறகு "ப்ரோ, ரெண்டு பிபிஎம் ஏத்தியிருக்கேன், இப்பதான் செமையா இருக்கு" என்று ஒரு வாய்ஸ் நோட் வந்தால், எடுத்த ஒவ்வொரு க்ளிப்பையும் இழுத்துப் பிடித்து மறுபடி சிங்க் செய்ய (உதட்டையும் சத்தத்தையும் பொருத்த) வேண்டியிருக்கும்.

அப்படியே பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு, என்றும் கேட்டுவிடுங்கள். 100 பிபிஎம் என்றால் ஒரு தட்டுக்கு 0.6 விநாடி, விநாடிக்கு 25 ஃப்ரேமில் (25 படமாக) எடுத்தால் சரியாக 15 ஃப்ரேம். 96 பிபிஎம் பாட்டை 24 ஃப்ரேமில் எடுத்தாலும் அதே 15 வரும். 120 பிபிஎம் பாட்டு 24-இல் 12 ஃப்ரேம், ஆனால் 25-இல் பன்னிரண்டரை. இந்த அரை ஃப்ரேம்தான் ஆளைக் கவிழ்க்கும், ஏனென்றால் 12, 12 என்று க்ளிப்பை அடுக்கிக்கொண்டே போனால் எட்டுத் தட்டு முடிவதற்குள் நான்கு ஃப்ரேம் முந்திவிடுவீர்கள். நீளத்தை எண்ணி அடுக்காதீர்கள், தட்டு விழும் இடத்தில் மார்க்கர் வைத்து அந்த மார்க்கரைப் பார்த்து வெட்டுங்கள். எடிட் செய்ய டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேரின் இலவசப் பதிப்பே போதும். பாட்டை டைம்லைனில் (க்ளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) போட்டு ஓடவிட்டு, ஒவ்வொரு பாரின், அதாவது ஒரு தாளச் சுற்றின், முதல் தட்டிலும் எம் பட்டனைத் தட்டிக்கொண்டே போகலாம். அடோபி பிரீமியரிலும் அதே பட்டன்தான்.

ஒரு விஷயம், உங்கள் பாட்டு நான்கு நான்காக ஓடுகிறதா, மூன்று மூன்றாகவா என்று பாருங்கள். டப்பாங்குத்து, கிராமியப் பாட்டு எல்லாம் பெரும்பாலும் 6/8, அதாவது மூன்று மூன்றாக ஓடுவது. அதை நான்காக எண்ணி வெட்டினால் முதல் இரண்டு வெட்டு தற்செயலாகப் பொருந்தும், அதற்குப் பிறகு எல்லாமே தள்ளாடும், என்ன தப்பு என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் தப்பு என்று மட்டும் தெரிந்துவிடும்.

மார்க்கர் போட்டு முடித்தபிறகு ஒரு பேப்பரை எடுத்து முன்னிசை, பல்லவி, இடையிசை, சரணம் என்று பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக யார் முகம், எந்த இடம், கேமரா நிற்குமா நகருமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பல்லவி மூன்று நான்கு தடவை திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டாவது தடவையே ஆட்கள் ஸ்க்ரோல் செய்துவிடுவார்கள். கடைசிப் பல்லவிக்கு என்று ஒன்றைப் பதுக்கி வையுங்கள்: புது இடம், புது நிறம், அதுவரை காட்டாத ஆள், ஏதோ ஒன்று.

கதை வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. என்னைக் கேட்டால், நான்கு நிமிடத்துக்குள் காதல், பிரிவு, விபத்து, ஆஸ்பத்திரி என்று ஒரு குறும்படத்தையே அடைக்க வேண்டாம். ஒரே ஒரு நிலைமையை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். 2011-இல் ஊரையே கலக்கிய 'கொலவெறி' வீடியோவில் கதையே கிடையாது, ஸ்டூடியோவுக்குள் பாடுவதும் சிரிப்பதும்தான்.

ப்ளேபேக், அதாவது பாதி வேலை

பாடுகிறவர் வாயசைக்க ஸ்பாட்டில் பாட்டு ஓட வேண்டும். சினிமா செட்டில் இதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் உண்டு. நம் ஷூட்டில் யாரோ ஒருவர் போனில் யூட்யூப் ட்ராஃப்டை ஓடவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த வேலைக்கு ஒருவரை ஒதுக்குங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

பாட்டை முழுசாக ஒரு ஃபைல், பிறகு பல்லவி, முதல் சரணம், இடையிசை என்று தனித்தனி ஃபைல்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எட்டு எண்ணிக்கைக்கு டிக் டிக் என்று பீப் சேர்த்து வையுங்கள், அதே டெம்போவில். டான்ஸ் மாஸ்டர் "ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட்" என்று குரல் கொடுக்கிறாரே, அதே வேலையை இந்தப் பீப் செய்யும். இது இல்லாவிட்டால் முதல் வார்த்தையில் வாய் எப்போதும் தாமதமாகத்தான் திறக்கும்.

பாடுகிறவரை வெறுமனே வாயசைக்க விடாதீர்கள். சத்தமாக, நிஜமாகவே பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு, மூச்சு இழுக்கும்போது தோள் ஏறுவது, நீளமான சங்கதியில் கண் சுருங்குவது எல்லாம் பொய்யாகச் செய்தால் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். வெட்கப்படுவார்கள், ஸ்பீக்கரை இன்னும் சத்தமாக வையுங்கள், அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்காதபோது வெட்கம் போய்விடும்.

கேமரா மைக்கை ஆஃப் செய்யக் கூடாது. அந்தச் சத்தம் வீடியோவில் வரப்போவதில்லைதான், ஆனால் எடிட்டிங்கில் ஒரிஜினல் பாட்டோடு க்ளிப்பைப் பொருத்துவது அதை வைத்துத்தான். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும், 25 ஃப்ரேம் கணக்கில் ஒரு ஃப்ரேமுக்குள் 14 மீட்டர்கூடத் தாண்டாது. பாடுகிறவர் பக்கத்தில் ஸ்பீக்கர், கேமரா மட்டும் தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸோடு 28 மீட்டர் தள்ளி மொட்டை மாடியில் இருக்கிறது என்று வையுங்கள். அவர் வாயசைத்து இரண்டு ஃப்ரேம் கழித்துத்தான் கேமராவுக்குப் பாட்டு கேட்கும். சத்தத்தை வைத்துப் பொருத்தினால் உதடு இரண்டு ஃப்ரேம் முன்னால் ஓடும். சாஃப்ட்வேர் சரியாகப் பொருத்திவிட்டது என்று சொல்லும், பார்த்தால் என்னவோ இடிக்கும். அந்த மாதிரி க்ளிப்பைக் கையால் இரண்டு ஃப்ரேம் பின்னால், டைம்லைனில் வலப்பக்கம், தள்ள வேண்டும். தலைகீழாக, ஸ்பீக்கர் தூரத்தில் இருந்து பாடுகிறவருக்கே தாமதமாகக் கேட்டால், கேமராவும் அவர் பக்கத்தில் இருந்தால் பிரச்சினை இல்லை, இருவரும் ஒன்றாகத்தான் கேட்கிறார்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரின் தாமதமும் இதே காரணத்தால் ஒன்றும் செய்யாது. ஆனால் இரண்டு ப்ளூடூத் ஸ்பீக்கரை ஆளுக்கொரு பக்கம் வைத்தால் இரண்டும் வேறு வேறு தாமதத்தில் பாடி, ஆடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும். வயர் போட்டுவிடுங்கள்.

ஸ்லோ மோஷனில் பாடுவது எப்படி

சுற்றி இருக்கும் எல்லாம் மெதுவாக மிதக்கும், தலைமுடி காற்றில் மெதுவாகப் பறக்கும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் போகும். பார்க்கிறவர்கள் கிராபிக்ஸ் என்று நினைப்பார்கள். செலவே இல்லாத வேலை இது. டைம்லைன் 25 ஃப்ரேம் என்றால் கேமராவை 50-இல் வைத்துக்கொண்டு, ப்ளேபேக்கை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கே பாட வைத்து எடுங்கள். பிறகு பாதி வேகத்தில் போட்டால் உதடு பொருந்தும், உடம்பு மிதக்கும். பாட்டை வேகப்படுத்த ஆடாசிட்டி என்ற ஆடியோ சாஃப்ட்வேர் போதும். அதில் டெம்போவை மட்டும் மாற்றும் வசதியில் 100 சதவீதம் கூட்டுங்கள், ஸ்பீடை மாற்றினால் ஸ்ருதியும் ஏறி எலிக் குரலாகிப் பாடுகிறவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

இரண்டு மடங்கு வேகத்தில் வேகமான ராப் வரிகளைப் பாட முடியாது, மெதுவான மெலடிக்குத்தான் சரிப்படும். எனக்குப் பிடித்தது இதைவிட நாசூக்கான ஒன்று: கேமரா 30, டைம்லைன் 25, ப்ளேபேக் 120 சதவீதம், அதாவது ஆடாசிட்டியில் 20 கூட்டினால் போதும். ஸ்லோ மோஷன் என்று யாருக்கும் தோன்றாது, ஆனால் நடை, சேலை முந்தானை, கண் இமைப்பது எல்லாம் கொஞ்சம் கனமாக, கனவு மாதிரி வரும். முன்கூட்டியே ஒரு வரியை எடுத்துப் பார்த்துவிட்டு வேகத்தை முடிவு செய்யுங்கள்.

இதன் அண்ணன் ரிவர்ஸ் ஷாட். பாட்டைத் தலைகீழாக ஓடவிட்டு, தலைகீழாகவே பாடக் கற்றுக்கொண்டு, எடுத்ததைத் திருப்பிப் போட்டால் உலகம் பின்னோக்கி நகரும், பாட்டு மட்டும் முன்னோக்கி. கோல்ட்ப்ளே என்ற ஆங்கில இசைக்குழுவின் 'தி சயின்டிஸ்ட்' வீடியோ அப்படி எடுத்ததுதான், அதற்காக குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் முழுப் பாட்டையும் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டார். நாம் இரண்டு வரிக்கு முயன்று பார்க்கலாம்.

ஷட்டரும் ட்யூப் லைட்டும்

ஷட்டர் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேமரா வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரம். ஃப்ரேம் ரேட்டைப்போல் இரண்டு மடங்கு ஷட்டர் என்பது பொது விதி, 25-க்கு 1/50 விநாடி. நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ட்யூப் லைட், மலிவான எல்.இ.டி., கடை போர்டு இவற்றின் கீழே 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் பட்டை ஓடாது. 30 ஃப்ரேமில் எடுக்கும்போது விதிப்படி 1/60 வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள், 1/50 போதும். 120 ஃப்ரேமில் 1/100 வைக்க முடியாது, அதனால் அந்த ஸ்லோ மோஷனை வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நல்ல லைட் வாடகைக்கு எடுங்கள்.

விதியை மீறுவதற்கும் காரணம் இருக்கலாம். பறையாட்டம், ராப், சண்டை மாதிரி இடத்தில் 1/200, 1/400 வைத்தால் ஒவ்வொரு அசைவும் வெட்டி வெட்டித் தெறிக்கும். போதையில் தள்ளாடுகிற காட்சிக்கு 1/25 வைத்தால் விளக்குகள் கோடு கோடாக இழுபடும். முழுப் பாட்டையும் அப்படி எடுத்தால் கண் வலிக்கும்.

போனில் எடுக்கிறவர்கள் மட்டும் ஒரு நிமிடம்: போன் கேமரா 30 ஃப்ரேம் என்று சொல்லிவிட்டு வெளிச்சத்துக்கு ஏற்ப 29, 28 என்று இஷ்டத்துக்கு மாற்றும், பாட்டின் முடிவுக்கு வரும்போது உதடு எங்கோ போயிருக்கும். ப்ளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், அதில் ஃப்ரேம் ரேட்டும் ஷட்டரும் பூட்டிவிடலாம். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேரில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட் ஆரம்பியுங்கள்.

எதை எல்லாம் எடுக்க வேண்டும்

முதலில் வைட் (ஆள் முழுசாக, இடத்தோடு), முழுப் பாட்டு, நிறுத்தாமல். பிறகு மிட் (இடுப்புக்கு மேல்), முழுப் பாட்டு. பிறகு க்ளோஸ் (முகம்), முழுப் பாட்டு. இது மூன்றும் கையில் இருந்தால் மழை வந்தாலும் கரண்ட் போனாலும் வீடியோ ஒன்று இருக்கும். அழகழகான கிம்பல் ஷாட்டுகளை முதலில் ஆரம்பித்து, சாயங்காலம் வெளிச்சம் போகும்போது "முகம் எடுக்கலையே" என்று ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அதற்கப்புறம்தான் துண்டு ஷாட்டுகள்: கை, கால், கொலுசு, கிடார் தந்தி, டீ கிளாஸ், ஜன்னல். இவற்றையும் பாட்டு ஓடும்போதே எடுங்கள், சும்மா நடக்கச் சொன்னால் நடக்கிறவர் பாட்டு ஓடினால் அறியாமலே தாளத்துக்கு நடப்பார், எடிட்டிங்கில் அந்த நடை தானாகப் போய் உட்காரும். வாத்தியம் வாசிக்கிற ஷாட்டில் ஜாக்கிரதை. பறைக் குச்சி தோலைத் தொடுகிற இடம் பாட்டில் கேட்கிற அடியோடு பொருந்தாவிட்டால் வாசிக்கத் தெரிந்தவர் ஒரே விநாடியில் பிடித்துவிடுவார். பாட்டில் வாசித்தவரையே கூப்பிடுங்கள், முடியாவிட்டால் குச்சி படுகிற இடத்தைக் காட்டாமல் தோளும் முகமும் காட்டுங்கள்.

ஷாட் மாற்றத்தை ஸ்பாட்டிலேயே யோசித்து எடுப்பது இன்னொரு பழக்கம். ஒரு ஷாட்டின் முடிவில் கேமராவைச் சட்டென்று வலப்பக்கம் வீசுங்கள், அடுத்த இடத்தில் ஷாட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வீசி ஆரம்பியுங்கள். மங்கலான நடுப்பகுதியில் ஒட்டினால் ஒரே வீச்சில் இடம் மாறிவிடும். திசை மாறினால் ஒட்டாது. தூண், மரம், முதுகு இவற்றுக்குப் பின்னால் கேமரா போய் மறைந்து வெளியே வருவதும் அதே ரகம்.

வெளிச்சத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். புகை போட நினைத்தால் சாம்பிராணியே போதும், ஆனால் லைட்டைப் பின்னாலிருந்து அடியுங்கள், முன்னாலிருந்து அடித்தால் படம் முழுக்க வெளுத்துப்போகும். மாநிறமோ கறுப்போ, நம் தோலுக்கு முன்னாலிருந்து தட்டையாக அடிக்கிற லைட் எதுவும் செய்யாது. பக்கவாட்டிலிருந்து ஒரு பெரிய வெள்ளைத் துணி வழியே வருகிற வெளிச்சம் கன்னத்திலும் நெற்றியிலும் ஒரு மினுமினுப்பைத் தரும், முகத்துக்கு வடிவம் அதில்தான் வருகிறது. எக்ஸ்போஷரை ஏற்றிவிட்டு ஆளை வெள்ளையாக்கும் வேலை வேண்டாம், போனில் பியூட்டி ஃபில்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

வெட்டுவது

எல்லா டேக்கையும் பாட்டோடு பொருத்தி, ரிசால்வில் மல்டிகேம் க்ளிப்பாக்கி (எல்லா டேக்கும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே க்ளிப்பில்), ஓடவிட்டுக்கொண்டே கேமரா மாற்றுவதுபோல் முதல் வெட்டை முடியுங்கள். யோசிக்காமல் கை போன போக்கில். சிங்க் சரியா என்று பார்க்கப் பாட்டில் ப, ம வருகிற இடங்களுக்குப் போங்கள், உதடு ஒட்டாமல் அந்த எழுத்தைச் சொல்லவே முடியாது. 'அம்மா' என்று பாடுகிற இடத்தில் உதடு மூடும் ஃப்ரேமும் சத்தமும் ஒன்றாக இருந்தால் அந்த டேக் முழுக்கச் சரி.

இப்போது முக்கியமான விஷயம். எல்லோரும் தட்டுக்குத் தட்டு வெட்டுகிறார்கள். 100 பிபிஎம்மில் நான்கு நிமிடப் பாட்டில் 400 தட்டு, 400 வெட்டு போட்டால் அது பாட்டு இல்லை, தையல் மெஷின். வெட்டு வரும் என்று பார்க்கிறவர் ஊகித்துவிட்டால் அந்த வெட்டுக்கு உயிர் இல்லை. சரணத்தில் ஒரு ஷாட்டை இரண்டு பார், மூன்று பார் என்று நீளமாகப் பிடியுங்கள், பல்லவி வெடிக்கும்போது வேகமாக வெட்டுங்கள், அப்போதுதான் வெடித்தது தெரியும். வரி தொடங்கும் முதல் எழுத்தில் வெட்டாமல், அதற்கு முன்னால் மூச்சு இழுக்கிற இடத்தில் வெட்டிப் பாருங்கள், பாடுகிறவர் நம்மைப் பார்த்துப் பாட ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும்.

தட்டில்தான் வெட்டியாக வேண்டும் என்றால் ஒரு ஃப்ரேம் அல்லது இரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்டுங்கள். கண்ணுக்குப் புது ஷாட்டைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும்; சரியாகத் தட்டின்மேல் வைத்த வெட்டு பல நேரம் தாமதம் மாதிரி தெரிவது அதனால்தான். அதைவிட நல்லது, வெட்டைத் தாளத்தில் வைக்காமல் அசைவைத் தாளத்தில் வைப்பது. கால் தரையில் விழுவது, கதவு சாத்துவது, தலை திரும்புவது, இவை தட்டில் விழட்டும், வெட்டு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். இடையிசைக்கு இது ரொம்பப் பொருந்தும்.

ஸ்பீட் ரேம்ப் (ஷாட்டின் நடுவில் வேகத்தை மாற்றுவது), ஜம்ப் கட் (ஒரே ஷாட்டின் நடுவில் கொஞ்சம் வெட்டித் தாவுவது), ஒரே முகத்தை இரண்டாகப் பிரிப்பது, திரையைக் கட்டம் கட்டுவது எல்லாம் பாட்டுக்கு ஒன்றிரண்டு போதும். ரேம்ப் போடுகிறவர்கள் 50 அல்லது 100 ஃப்ரேமில் எடுத்த க்ளிப்பில் போடுங்கள். 25-இல் எடுத்ததை இழுத்தால் சாஃப்ட்வேர் இல்லாத ஃப்ரேமைக் கற்பனை செய்து விரல்களைக் குழைத்துவிடும். வெள்ளை ஃப்ளாஷ் அடிக்கிற ஆசை இருந்தால் விநாடிக்கு மூன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் மின்னினால் வலிப்பு வருகிறவர்கள் உண்டு.

கலரும் கடைசி வேலைகளும்

கிரேடிங்கில் (நிறத்தைச் சரிசெய்வதில்) முதலில் எல்லா ஷாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள், அழகெல்லாம் பிறகு. நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோலுக்கென்று ஒரு கோடு இருக்கும், எந்த நிறத் தோலும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கும், அதிலிருந்து விலகினால் ஆளுக்கு மஞ்சள் காமாலை. நெட்டில் கிடைத்த லட் (ரெடிமேட் நிறக் கோப்பு) ஒன்றைப் போட்டே தீர வேண்டும் என்றால் பாதிக்குக் குறைத்துப் போடுங்கள்.

ரீல்ஸுக்கு நெட்டையாக ஒரு பதிப்பும் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். 4கே-வில் எடுத்திருந்தால் 3840க்கு 2160 படத்திலிருந்து 1215க்கு 2160 என்று நெட்டையாக வெட்டி எடுக்கலாம், தரம் குறையாது. ஆனால் வைட் ஷாட்டில் இரண்டு ஓரத்தில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தால் நடுவில் சுவர்தான் கிடைக்கும், அதனால் பல்லவியை மட்டுமாவது நடுவில் ஆள் இருக்கிற மாதிரி ஒரு டேக் தனியாக எடுத்து வையுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது கேமரா சத்தம் எந்த ட்ராக்கிலும் மிச்சம் இல்லை என்று பார்த்து, இசையமைப்பாளர் கொடுத்த வேவ் ஃபைலை மட்டும் வைத்து, யூடியூபுக்கு 4கே-யாகவே ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை போனில், இயர்போன் போட்டு, முழுசாகப் பாருங்கள். ப்ளூடூத் இயர்போன் வேண்டாம், அதன் தாமதத்தைப் பார்த்துவிட்டு சரியாக இருக்கிற சிங்க்கைப் போய்க் கெடுத்து வைப்பீர்கள்.